உத்திரத்துக்கும் சுவாதிக்கும் நடுவே: மாக்கேமாக்கேயைப் படம்பிடித்து, தூரத்தையும் கணக்கிட்ட குறிப்புகள்

நெப்டியூனுக்கு அப்பால் உள்ள பனிக்கோளான மாக்கேமாக்கேயை எட்டு அங்குலத் தொலைநோக்கியில் பிடிக்க முடியும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனன் 600டி போதும். குளிரூட்டிய கேமரா எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். கட்டாயம் வேண்டியவை இருண்ட வானம், அடுத்தடுத்து இரண்டு தெளிவான இரவுகள், பிறகு வீட்டில் உட்கார்ந்து படங்களை அடுக்கிப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை. படம் எடுத்ததோடு விடாமல், அந்தப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். எனக்குப் படத்தைவிட அந்தக் கணக்கில்தான் சந்தோஷம். ஆகவே இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

எதற்கு மாக்கேமாக்கே? நெப்டியூனுக்கு அப்பால் உள்ள பனிக்கோள் என்றால் எல்லோரும் முதலில் புளூட்டோவைத்தான் சொல்வார்கள். மேக்னிட்யூட் (வெளிச்ச அளவு; எண் கூடக் கூட மங்கல்) 14 சொச்சம், ஆகவே பிடிப்பது சுலபம். ஆனால் அது நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூலையில். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் நம் மலைகளில் மேகம் விலகி நான்கு மணி நேரம் தொடர்ந்து வானம் கிடைத்தால் அது லாட்டரி. இன்னொரு பனிக்கோளான ஏரிஸ் அக்டோபரில் வரும். அப்போது வடகிழக்குப் பருவமழை கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு ஏரிஸின் மேக்னிட்யூட் 18.7. மாக்கேமாக்கே மட்டும்தான் சொல்லிவைத்தாற்போல மார்ச் கடைசியில் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. மேக்னிட்யூட் 17.2. பங்குனி வானம், குளிரும் இல்லை, கோடை இடியும் இன்னும் தொடங்கவில்லை. 2025-இல் மார்ச் 29 அமாவாசை வேறு. இதைவிட நல்ல நாள் கேட்டாலும் கிடைத்திருக்காது.

எங்கே பார்ப்பது என்பதற்கும் நம் ஆட்களுக்கு வழி சொல்வது எளிது. சிம்மத்தின் வால் நுனியில் இருக்கும் நட்சத்திரம் உத்திரம். அதற்குக் கிழக்கே, செம்மஞ்சளாகப் பளிச்சென்று நிற்பது சுவாதி. இரண்டுக்கும் நடுவில் பெரிதாக எதுவுமே இல்லாததுபோல் ஒரு வெற்றிடம் தெரியும். கோமா பெரனிசிஸ் என்கிற மங்கலான விண்மீன் குழு அங்கேதான் இருக்கிறது. நமது பால்வீதித் தட்டின் வடதுருவம் அந்தத் திசையில்தான். அதாவது அங்கே நாம் தட்டைக் குறுக்கே பார்க்காமல், அதிலிருந்து நிமிர்ந்து வெளியே பார்க்கிறோம். அதனால் விண்மீன் கூட்டம் குறைவு.

இந்த வெற்றிடம் எனக்கு எவ்வளவு உதவியது என்பது 1930-ஐ நினைத்தால் புரியும். கிளைடு டோம்பா லோவெல் ஆய்வகத்தில் புளூட்டோவைக் கண்டுபிடித்த அந்தக் காலத்தில் மாக்கேமாக்கேயும் அவர் தேடிய பாதையிலிருந்து சில பாகை தள்ளித்தான் இருந்தது, ரிஷபத்துக்கும் ஆரிகாவுக்கும் எல்லையில். மேக்னிட்யூட் 16. ஆனால் அந்த இடம் பால்வீதியை ஒட்டியது. நெருக்கியடித்த விண்மீன்களுக்குள் ஒரு மங்கல் புள்ளி நகர்வதை யார் கவனிப்பது? அவர் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் தேடினார், இது அகப்படவில்லை. 1955-இல் அமெரிக்காவின் பாலோமர் மலையில் எடுத்த வான வரைபடத் தகடு ஒன்றில் பதிவாகியும் இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் 2005 மார்ச் 31 அன்றுதான் மைக் பிரௌன், சாட் ட்ருஹியோ, டேவிட் ரபினோவிட்ஸ் மூவரும் கண்டுபிடித்தார்கள். அதுவும் பாலோமரில்தான், 1.2 மீட்டர் சாமுவேல் ஓஷின் தொலைநோக்கியில். ஈஸ்டர் முடிந்த கையோடு கிடைத்ததால் அவர்களுக்குள் ‘ஈஸ்டர்பன்னி’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். 2008-இல் ஈஸ்டர் தீவின் ராப்பா நூயி மக்களுடைய படைப்புக் கடவுளின் பெயரை வைத்தார்கள். வரிசை எண் 136472.

ஆள் எப்படி? குறுக்களவு சுமார் 1,430 கி.மீ.; நம் நிலாவில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. மேலே உறைந்த மீத்தேன். விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்த வெளுப்பு மட்டும் இல்லாமல் நிலா மாதிரிக் கரும்பாறையாக இருந்திருந்தால் என் கேமராவுக்கு எட்டியிருக்காது. சூரியனை ஒருமுறை சுற்ற 300 ஆண்டுகளுக்கு மேல். இப்போது பாதையின் தொலைமுனையை நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2033 வாக்கில் அங்கே போய்ச் சேரும். இந்தக் கடைசித் தகவல் பின்னால் கணக்கில் வந்து காலை வாரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் நண்பருடைய மாமாவின் சாமைக் காடு. அறுவடை முடிந்து வெறும் நிலமாகக் கிடந்தது. காவலூர் வானாய்வகமும் இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களைக் காட்டிக்கொடுத்த பதிவுகளில் ஒன்று காவலூரில் எடுத்தது. 1988-இல் அங்கிருந்த 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர், எண் 4130. அவர்கள் இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது என்பது இரவு பத்து மணிக்கு மேல் தெரிந்துவிடும். வாணியம்பாடிப் பக்கம் அடிவானத்தில் வெளிச்சம் எழும்பத்தான் செய்கிறது, ஆனால் தலைக்கு மேலே சுத்தம்.

கருவி: 200 மி.மீ. கண்ணாடி, 1000 மி.மீ. குவியத் தொலைவு உள்ள நியூட்டோனியன். ஓரத்து விண்மீன்கள் வால் முளைக்காமல் இருக்க ஒரு கோமா கரெக்டர். 600டி கேமராவின் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான், இந்தக் குவியத் தொலைவில் ஒரு பிக்சலுக்கு 0.89 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்) வானம். மொத்தப் படத்தில் 1.3 பாகைக்கு 0.85 பாகை விழும். அந்த 0.89-ஐக் குறித்துக்கொள்ளாமல் மேலே போகாதீர்கள், எல்லா அளவும் இதிலிருந்துதான் வரும்.

தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்தான் நம் ஊரில் பாடாய்ப் படுத்துவது. பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும் ஈக்வடோரியல் மவுண்ட் செய்கிறவர்கள் மனத்தில் நாற்பது, ஐம்பது பாகை அட்சரேகைதான் இருக்கிறது. நாம் இருப்பது பன்னிரண்டரை. துருவ அச்சைக் கிட்டத்தட்டப் படுக்க வைக்க வேண்டும். அப்படிப் படுக்க வைத்தால் எதிர் எடைக் கம்பி கீழே தொங்கும்போது முக்காலியின் வடக்குக் காலில் போய் இடிக்கும். தீர்வு எளிது: வடக்கே ஒரு கால் வருகிற மாதிரி வைக்காமல், இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி வடக்கே வருகிற மாதிரி முக்காலியை அறுபது பாகை திருப்பிவிட வேண்டும். மவுண்டை இடம் வலமாக நகர்த்தும் அசிமுத் திருகு முட்டுக்கொடுக்கிற குமிழை எதிர்ப்பக்க ஓட்டைக்கு மாற்ற வேண்டியிருக்கும். என் மவுண்டில் அந்த ஓட்டை இல்லை, லேத்துக்காரரிடம் கொடுத்துப் போட்டுக்கொண்டேன். இப்போது எடை முழுவதும் வடக்குப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். முக்காலியின் நடுவில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிட்டால் அசையாது.

அடுத்தது துருவ நட்சத்திரம். பன்னிரண்டரை பாகை உயரத்தில், புளியமரத்துக்குப் பின்னால், புழுதிப் படலத்துக்குள். அச்சைச் சீரமைக்க மவுண்டுக்குள் இருக்கும் சிறு தொலைநோக்கியான போலார் ஸ்கோப்பில் கழுத்தை ஒடித்துக்கொண்டு தேடுவதை நான் விட்டே பல காலம் ஆகிறது. நினா மென்பொருளில் மூன்று புள்ளி துருவச் சீரமைப்பு என்று ஒன்று வந்திருக்கிறது. வானத்தில் எங்கேயாவது மூன்று படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு தவறியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது. திருகைத் திருப்பத் திருப்ப எண் குறையும். துருவ நட்சத்திரம் கண்ணில் படவே வேண்டாம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கென்றே செய்த வசதி மாதிரி இருக்கிறது.

ஃபோகஸுக்கு சுவாதி. அட்டையில் வெட்டிய பாட்டினோவ் மாஸ்க்கை மூடிபோல் மாட்டி, மூன்று கீற்றுகளும் நடுவில் சந்திக்கும்வரை திருகினேன். இரவு இறங்க இறங்கக் குழாய் சுருங்கி ஃபோகஸ் நகரும், மணிக்கொருதரம் பார்ப்பது நல்லது. மங்கல் புள்ளிக்கு ஃபோகஸ்தான் உயிர். விண்மீன் இரண்டு பிக்சல் அகலமாகப் பரவினால் தெரிவது, நான்கு பிக்சலுக்குப் பரவினால் வான வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

எங்கே திருப்புவது என்பதற்கு நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்துடைய ஹொரைசன்ஸ் இணையப் பக்கத்தில் பொருளின் எண்ணைக் கொடுத்து, இடத்தைக் கொடுத்து, மணிவாரியாக ஆயங்களை எடுத்துக்கொண்டேன். அதிலே நேரம் உலகப் பொது நேரம். நமக்கு நள்ளிரவு என்பது அங்கே முந்தைய நாள் மாலை 18:30. தேதியையே மாற்றிப் பார்க்க வேண்டும். கைபேசி வான வரைபடச் செயலிகளை இதற்கு நம்பாதீர்கள், பழைய சுற்றுப்பாதை எண்களை வைத்துக்கொண்டு வேறெங்கோ காட்டும். இடத்தைக் கொடுப்பதுகூட வெறும் சம்பிரதாயம்தான். இவ்வளவு தூரத்தில் பூமியின் ஆரம் முழுவதையும் சேர்த்தாலும் கோண வேறுபாடு 0.17 ஆர்க் செகண்ட். சென்னையிலிருந்து பார்த்தாலும் சிலியிலிருந்து பார்த்தாலும் என் கேமராவுக்கு ஒரே இடம்.

ஐஎஸ்ஓ 800, ஒரு படத்துக்கு 90 விநாடி. அதற்கு மேல் போனால் வானத்தின் பின்புல வெளிச்சமே ஏறுகிறது, பயனில்லை. ஒவ்வொரு சில படத்துக்கும் தொலைநோக்கியைச் சில பிக்சல் தள்ளி வைக்கிற டிதரிங் மட்டும் கட்டாயம். குளிரூட்டாத கேமரா, இரவு வெப்பம் இருபது பாகைக்கு மேல், சென்சாருக்குள்ளே அதைவிட அதிகம். சூட்டுப் புள்ளிகள் சிவப்பும் நீலமுமாக இறைந்து கிடக்கும். சாதாரண நெபுலாப் படத்தில் அது அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். இங்கே அது ஆளையே ஏமாற்றிவிடும். மவுண்ட் மெல்ல நழுவ, விண்மீன்களை வைத்துப் படங்களைப் பொருத்தும்போது, சென்சாரில் ஒரே இடத்தில் நிற்கிற சூட்டுப் புள்ளி விண்மீன்களுக்கு நடுவே நகர்வதுபோல் தெரியும். நாம் தேடுவதும் அதே மாதிரி ஒன்றைத்தானே! டிதரிங் செய்து, மற்றப் படங்களோடு ஒத்துப்போகாத புள்ளிகளை விலக்கும் சிக்மா கிளிப்பிங்கோடு அடுக்கினால் இந்தப் போலிகள் விழுந்துவிடும்.

லேப்டாப்பில் படம் வந்து விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தபோது நண்பரின் மாமா சுக்குக் காபியோடு வந்தார்.

“ஏன் தம்பி, இவ்ளோ தூரம் வந்துட்டு கம்ப்யூட்டரையே பாத்துட்டு ஒக்காந்திருக்கீங்க. மேல பாக்க மாட்டீங்களா?”

“மேல பாத்தா தெரியாதுங்க மாமா. கண்ணுக்குத் தெரியறதுலயே கடைசியா இருக்கிற மங்கல் நட்சத்திரத்த விட அது முப்பதாயிரம் மடங்கு மங்கல்.”

“அப்ப இந்தப் படத்துலயாச்சும் தெரியுதா?”

“இன்னும் இல்லைங்க.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். உண்மையைத்தான் சொன்னேன். தனி ஒரு 90 விநாடிப் படத்தில் எதுவும் தெரியாது. ஹொரைசன்ஸ் தந்த ஆயத்தை வைத்து அந்த இடத்தைப் பெரிதாக்கினாலும் இரைச்சல்தான். பத்துப் படம் சேர்ந்தால் சந்தேகமாக ஒரு கறை. நாற்பது சேர்ந்தால் அடித்துச் சொல்லலாம்.

நள்ளிரவை ஒட்டி அது வடக்கு தெற்காக உச்சி வழியே போகும் மெரிடியன் கோட்டைத் தாண்டும்போது உயரம் எண்பது பாகையை ஒட்டி, கிட்டத்தட்ட உச்சந்தலை. நீளக் குழாயின் அடிப்பக்கம் முக்காலியில் உரசும் நேரம் அது. தொலைநோக்கியை மவுண்டின் மறுபக்கத்துக்கு மாற்றும் ஃப்ளிப் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. ஃப்ளிப்புக்குப் பின் படம் தலைகீழாக வரும், மென்பொருள் அதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

சூட்டுப் புள்ளிகளைக் கழிக்க, மூடி போட்டு எடுக்கும் டார்க் படங்களை நடுநடுவே, அதே சூட்டில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஏசி அறையில் எடுத்த டார்க் இதற்கு உதவாது. படத்தில் வெளிச்சம் சீரில்லாமல் விழுவதைச் சரிசெய்யும் ஃப்ளாட் படத்துக்கு விடியற்காலை வானத்தைப் பார்த்துக் குழாயின் வாயில் வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம்.

மறுநாள் இரவும் அதே நேரத்தில் அதே வேலை. இருபத்துநான்கு மணி நேரம் கழித்து அதே மணிக்கு எடுத்தால் உயரமும் காற்றின் ஒளிவிலகலும் ஒன்றுபோல இருக்கும், ஒப்பிடுவது சுத்தமாக அமையும். இரண்டாம் இரவு மெல்லிய பட்டு மேகம் வந்து வந்து போனது. அந்தப் படங்களைக் கழித்துவிட்டேன்.

அடுக்கியது சிரில் மென்பொருளில். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். கலர் படமாக மாற்றாமல் பச்சைச் சேனலை மட்டும் எடுத்து, இரண்டு இரவுகளையும் தனித்தனி ஸ்டாக்காக (அடுக்கிச் சேர்த்த படமாக) செய்து, ஒன்றின்மேல் ஒன்றை விண்மீன்களால் பொருத்தி, மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னேன். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: கோமா பெரனிசிஸில் விண்மீன் குறைவு என்றேன், கேலக்ஸிகள் குறைவு என்று சொல்லவில்லை. 17, 18-ஆம் மேக்னிட்யூட் வரை போகும் படத்தில் பஞ்சுத் துணுக்குகளாகக் கேலக்ஸிகள் இறைந்து கிடக்கின்றன. சிறியதாக இருப்பவற்றைப் புள்ளியிலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அவை நகராது என்பதுதான் ஒரே ஆறுதல்.

நகர்ந்தது ஒன்றே ஒன்று. முதல் இரவில் ஒரு இடம், அடுத்த இரவில் மேற்கும் வடக்குமாக 68 பிக்சல் தள்ளி இன்னொரு இடம். முதல் இடம் இரண்டாம் படத்தில் காலி, இரண்டாம் இடம் முதல் படத்தில் காலி. அலாடின் என்ற மென்பொருளில் பழைய பாலோமர் வரைபடத்தை எடுத்து இரண்டு இடத்தையும் பார்த்தேன், அங்கேயும் காலி. ஹொரைசன்ஸ் சொன்ன ஆயத்துக்கு ஒரு ஆர்க் செகண்டுக்குள். சந்தேகத்துக்கு இடமில்லை. அவசரப்படுகிறவர்களுக்கு: ஒரே இரவிலேயே நான்கு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு சிறு ஸ்டாக்குகளை ஒப்பிட்டாலும் பத்து ஆர்க் செகண்ட், அதாவது பதினோரு பிக்சல் நகர்வு தெரிகிறது.

பார்க்கப்போனால் வெறும் புள்ளி. 1,430 கி.மீ. அகலம் அவ்வளவு தூரத்தில் 0.04 ஆர்க் செகண்டுகூட இல்லை. என் ஒரு பிக்சலுக்குள் இருபதுக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். 2015-இல் ஹப்பிள் எடுத்த படங்களில் கிடைத்த அதன் நிலா, தாய்க்கோளைவிட 1,300 மடங்கு மங்கல், படத்தில் அரை ஆர்க் செகண்ட் தள்ளி. அதெல்லாம் நம் கணக்கிலேயே சேராது.

இனி தூரக் கணக்கு. அஸ்டாப் மென்பொருள் கொண்டு இரண்டு ஸ்டாக்கிலும் புள்ளியின் மையத்தை அளந்தேன். ஒரு நாளில் மேற்கே 55, வடக்கே 24 ஆர்க் செகண்ட், சேர்த்தால் 60. மேற்கே அளக்கும்போது வலஏற்ற (வானத்தின் தீர்க்கரேகை) வேறுபாட்டைச் சரிவின் (வானத்தின் அட்சரேகை) கோசைனால் பெருக்க மறக்காதீர்கள்.

சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும் பொருள் ஏன் மேற்கே, அதாவது பின்னோக்கி நகர்கிறது? அது நகர்வதைவிட நாம் நகர்வதுதான் அதிகம். ரயிலில் போகும்போது தூரத்து மலை பின்னால் போவதுபோலத்தான். நம் வேகம் தெரியும், விநாடிக்கு 29.8 கி.மீ. மலை எவ்வளவு மெதுவாகப் பின்வாங்குகிறது என்று அளந்தால் தூரம் வந்துவிடும். இப்படி நேர் எதிரே வரும் எதிரமைவு நாளில் நம் வேகம் முழுவதும் பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே அமைவதால் கோசைன், சைன் தொல்லையும் இல்லை. மார்ச் கடைசியைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் சுற்று, அது அசையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பூமி ஒரு நாளில் போகும் தூரம் 29.8 × 86,400, அதாவது சுமார் 25.7 லட்சம் கி.மீ. 60 ஆர்க் செகண்டை 206,265-ஆல் வகுத்தால் 0.000291 ரேடியன். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 885 கோடி கி.மீ. ஒரு வானியல் அலகு, அதாவது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தூரம், 14.96 கோடி கி.மீ. ஆக 59 அலகு.

அதிகம்தான். ஆனால் புளூட்டோவுக்கு அப்பால் என்ற அளவில் இதுவே உண்மையைச் சொல்லிவிடுகிறது, தோராயமாகப் போட்ட கணக்குக்கு மோசமில்லை.

இரண்டாம் சுற்று. அதுவும் சூரியனைச் சுற்றுகிறது, நாம் போகும் அதே திசையில். அதனால் நமக்கும் அதற்கும் உள்ள வேக வேறுபாடுதான் வேலை செய்கிறது. வட்டப்பாதை என்று வைத்தால் கெப்ளர் விதிப்படி வேகம் 29.8-ஐச் சூரியத் தூரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தது. தூரம் தெரிந்தால்தான் வேகம், வேகம் தெரிந்தால்தான் தூரம். ஆகவே ஒரு எண்ணைப் போட்டு, விடையை மறுபடி உள்ளே போட்டு, நிலைக்கும்வரை சுற்ற வேண்டும். 59 என்று தொடங்கினாலும் இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிடுகிறது. சூரியனிலிருந்து சுமார் 52 அலகு, அதன் வேகம் விநாடிக்கு 4.13 கி.மீ., நம்மிடமிருந்து 51 அலகு. (பாதை சாய்ந்திருப்பதால் சூரியத் தூரத்துக்கும் நம் தூரத்துக்கும் வேறுபாடு சரியாக ஒன்று இல்லை, சுமார் 0.9.)

நம்மிடமிருந்து உள்ள தூரமாக ஹொரைசன்ஸ் சொல்வது 52-க்குச் சற்றே கீழே. என் விடை ஒன்றரை விழுக்காடு குறைவு. அளவில் பிழையோ என்று மையங்களை மறுபடி அளந்து பார்த்தேன். அரை ஆர்க் செகண்ட் முன்பின் இருக்கலாம், ஆனால் அது ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். இந்த வித்தியாசத்தை முழுக்க அதன் தலையில் கட்ட முடியவில்லை. அப்போதுதான் தொலைமுனை விஷயம் உறைத்தது. மாக்கேமாக்கேயின் பாதை வட்டம் இல்லை. சூரியனுக்கு 38 அலகு வரை கிட்டே வந்து, கிட்டத்தட்ட 53 அலகு வரை விலகிப் போகும் நீள்வட்டம். இப்போது அது விலகலின் கோடியில் இருக்கிறது. கோடியில் இருக்கும் பொருள், அதே தூரத்தில் வட்டமாகச் சுற்றும் பொருளைவிட மெதுவாகப் போகும். நீள்வட்டத்தின் நீண்ட அச்சில் பாதியான அரை நெட்டச்சு 45.5 அலகு என்று போட்டு நீள்வட்டச் சூத்திரத்தில் வேகம் எடுத்தால் 4.13-க்குப் பதில் 3.77 கி.மீ. வருகிறது. அதை உள்ளே போட்டதும் தூரம் 51.7 அலகு. உட்கார்ந்த நிலையிலேயே ஒரு விசில் அடித்தேன், வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது இதுதான்: இரண்டு இரவின் புள்ளிகளை வைத்துப் பாதையின் வடிவத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அளவுகள் வேண்டும். பாலோமர்க் குழுவுக்கும் பழைய தகடுகள் உதவிக்கு வந்தன. ஆனால் வட்டம் என்று வைத்தால் பிழைக்கும், நீள்வட்டம் என்று வைத்தால் பொருந்தும் என்கிற அளவுக்கு இந்தப் பழைய கேமராவின் 68 பிக்சல்கள் கூர்மையாக இருக்கின்றன. அந்தத் தூரத்துக்கு ஒளி வர 7 மணி 10 நிமிடம் ஆகிறது. நள்ளிரவில் நான் பதிவு செய்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியது, நான் மாலையில் மலையேறிக்கொண்டிருந்தபோது.

வெளிச்சத்தையும் அளந்தேன். பக்கத்தில் உள்ள சில விண்மீன்களின் மேக்னிட்யூட்டைப் பட்டியலிலிருந்து எடுத்து ஒப்பிட்டதில் பச்சைச் சேனலில் 17.2 சொச்சம், பிழை 0.1 இருக்கும். அது தன்னைத் தானே சுற்ற 22.8 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சுற்றும்போது வெளிச்சம் மாறுவது மேக்னிட்யூட்டில் நூறில் சில பங்குதான், என் பிழைக்குள் அது முழுகிப்போகும். முயலவே வேண்டாம்.

வெளிச்ச மாற்றத்தை அளக்கச் சரியான ஆள் ஹௌமியா என்ற இன்னொரு பனிக்கோள். சுவாதி இருக்கும் பூவோட்டிஸ் குழுவிலேயே, மேக்னிட்யூட் 17.3, இதைவிடக் கொஞ்சம் பின்னால் ஏப்ரலில் எதிரே வருகிறது. முட்டை வடிவத்தில் நீண்ட உடம்பு, 3.9 மணி நேரத்தில் ஒரு சுற்று, அதனால் வெளிச்சம் ஏறி இறங்குவது 0.28 மேக்னிட்யூட். ஒரே இரவுக்குள் முழுச் சுற்றும் கிடைத்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒரு ஸ்டாக் என்று பிரித்தால், ஒவ்வொன்றிலும் பிழை 0.1-க்குள் இருந்தால் ஏற்ற இறக்கம் வரைபடத்தில் தெரிய வேண்டும். இந்தக் கேமராவின் சூட்டுக்கு அது இழுபறிதான். சென்சாருக்குப் பின்னால் ஒட்ட மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிரும் ஒரு பெல்டியர் தகடும் கம்ப்யூட்டர் விசிறியும் வாங்கி வைத்திருக்கிறேன். பனித்துளி கோக்காமல் கேமராவின் பின்மூடியை எப்படி அடைப்பது என்று செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் போதுமா, இல்லை ஆர்டிவி சிலிக்கோனால் மொத்தமாகப் பூச வேண்டுமா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.